அம்மம்மாவை நீலமாக்கிய படம்: சொந்தப் படங்களைத் திருத்தப் பழகுபவர்களுக்கு

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியில் அம்மம்மா பிளாஸ்டிக் கதிரையில் இருந்து கீழே ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தா. காலை ஒன்பதரை இருக்கும். போனில் ஒரு படம் எடுத்தேன். அன்றிரவு படுக்கையில் கிடந்தபடி அதைத் திருத்தினேன். கொஞ்சம் இருட்டாக்கி, நீலத்தைக் கூட்டி, ஓரங்களைக் கறுப்பாக்கி, முகத்தை ஒட்டி வெட்டினேன். வடிவாகத்தான் இருந்தது. குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்து நிமிடத்தில் ரொறன்ரோவிலிருந்து மாமா அழைத்தார்.

"அம்மாவுக்கு என்ன? ஏன் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை?"

அம்மம்மாவுக்கு ஒன்றுமில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு தெருவில் பாண் விற்க வரும் சூன் பாண் ஓட்டோ வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தா. மாலு பாண், அதாவது மீன் வைத்த பணிஸ், என்றால் அவவுக்கு உயிர்.

அந்தப் படத்தில் நான் எதையும் சேர்க்கவுமில்லை, அழிக்கவுமில்லை. வெளிச்சத்தையும் நிறத்தையும் ஓரங்களையும்தான் தொட்டேன். அதற்குள் மாலு பாணுக்குக் காத்திருந்த மனுசி, பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்த் தனித்துப்போன கிழவியாகிவிட்டா. அந்தப் படத்தையே வைத்து, எது எதை மாற்றுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பெரிய சாமான் ஒன்றும் தேவையில்லை. உங்கள் போனில் ஏற்கனவே இருக்கும் திருத்தும் வசதி போதும். இன்னும் வேண்டுமென்றால் ஸ்நாப்சீட் இலவசம், லைட்ரூம் செயலியின் அடிப்படைப் பகுதி இலவசம், கணினியில் ஜிம்ப் இலவசம். கருவிகளின் பெயர்கள் செயலிக்குச் செயலி கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

முதலில் நகல்

எந்தப் படத்தையும் தொட முன் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இப்போதைய செயலிகள் பல மூலப்படத்தைத் தனியே வைத்திருக்கும், "ரிவேர்ட்" அழுத்தினால் பழையபடி வரும் என்பது உண்மை. ஆனால் போன் மாறும்போது, படத்தை வேறிடத்துக்கு நகர்த்தும்போது அந்த வசதி கூடவே வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். "மூலம்" என்று ஒரு கோப்புறை, அதற்குள் நகல். பிறகு என்ன கூத்தும் ஆடலாம்.

தொட முன் ஒரு வசனம்

பழகுபவர்கள் செய்யும் முதல் பிழை, படத்தைத் திறந்தவுடன் ஃபில்டர்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது. நானும் அப்படித்தான் செய்தேன். இருபது ஃபில்டர் பார்த்த பிறகு, எடுத்தபோது மனதில் என்ன இருந்தது என்பதே மறந்துபோகும். ஆகவே செயலியைத் திறக்க முன் ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு வசனம் எழுதுங்கள். அதில் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும். "அம்மம்மா, பல்கனி" என்பது உதவாது. "அம்மம்மா காத்திருக்கிறா" என்றால் வேலை தொடங்கிவிட்டது. "அம்மம்மா மறந்துபோகிறா", "அம்மம்மா காற்று வாங்குகிறா" என்றால் அவை வேறு வேறு படங்கள். பிறகு தொடுகிற ஒவ்வொரு ஸ்லைடரிடமும் கேட்க ஒரே கேள்விதான்: இது அந்த வசனத்துக்கு உதவுகிறதா? உதவாவிட்டால், எவ்வளவு வடிவாக இருந்தாலும் பழைய இடத்துக்கே தள்ளிவிடுங்கள்.

வெட்டு

மனநிலையை மாற்றுவதில் நிறத்தை விட வெட்டுக்கே பலம் அதிகம் என்பது என் எண்ணம். புதியவர்கள் இதைத்தான் ஆகக் குறைவாக யோசிக்கிறார்கள்.

என் மூலப்படத்தில் அம்மம்மா இடப்பக்கம், பார்வை வலப்பக்கம் கீழே ஒழுங்கையில். மேல் வலது மூலையில், ஒழுங்கை முடியும் இடத்தில், ரயில் பாதைக்கு அப்பால் ஒரு துண்டுக் கடல். பின்னால் ஒரு காலிக் கதிரையும் வெறும் சுவரும், முன்னால் கிரில் கம்பி. நீலப் படத்தில் நான் செய்தது, அவவின் மூக்குக்கு முன்னால் இருந்த இடத்தை வெட்டி, முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரை விட்டுவைத்தது. ஒருவர் பார்க்கும் திசையில் இடம் இருந்தால், அங்கிருந்து ஏதோ வரப்போகிறது என்று பார்ப்பவர் மனம் எதிர்பார்க்கும். அந்த இடத்தை அடைத்துவிட்டால் அவர் பார்க்க ஒன்றுமில்லை. பின்னால் கிடக்கும் வெறுமையோ கடந்துபோன ஏதோ ஒன்றாகிவிடும். ஒழுங்கை போனதும் கிரில் கம்பி மட்டும் மிஞ்சியது. மாமா பயந்ததில் பிழையில்லை, நான் மனுசியைக் கூட்டுக்குள் வைத்துவிட்டேன்.

மீண்டும் திறந்து முன்னிடத்தை விட்டேன். பின்சுவரைக் குறைத்தேன். ஒழுங்கை உள்ளே வந்தது. மேலே கடல் வெள்ளையாகப் பளிச்சென்று கண்ணை இழுத்ததால் அந்தப் பட்டையை வெட்டினேன். இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

வெட்டும்போது மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் போன்ற மூட்டுகளில் வெட்டவேண்டாம், ஊனமுற்றதுபோல் தெரியும். காலிமுகத்திடலில் எடுத்த படமென்றால் முதலில் கடல் கோட்டை நேராக்குங்கள். எவ்வளவு அழகான அந்தி என்றாலும் கடல் ஒரு பக்கம் சரிந்து ஊற்றுப்பட நின்றால் பார்ப்பவருக்கு வேறொன்றும் தெரியாது. வெட்டினால் படத்தின் தரம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 12 மெகாபிக்சல் போன் படம் 4000க்கு 3000 புள்ளிகள். அதில் காற்பங்கை மட்டும் வைத்தாலும் 2000க்கு 1500 மிஞ்சும். 4க்கு 6 அங்குலப் பிரதியை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 1200க்கு 1800 போதும்.

வெளிச்சம்

கண் முதலில் போவது படத்தின் ஆக வெளிச்சமான இடத்துக்கு. கடலை வெட்டிய பிறகும் என் படத்தில் அது அம்மம்மாவின் முகம் அல்ல, அவவுக்குப் பின்னால் இருந்த இன்னொரு வெள்ளைக் கதிரை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னத் தந்திரம்: போனைக் கை நீட்டிப் பிடித்துக் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். என்ன தெரிகிறதோ அதுதான் உங்கள் படம் உரத்துச் சொல்வது.

இங்கே மூன்று ஸ்லைடர் முக்கியம். "எக்ஸ்போஷர்" முழுப் படத்தையும் ஏற்றி இறக்கும். "ஹைலைட்ஸ்" வெளிச்சப் பகுதிகளை மட்டும், "ஷடோஸ்" இருண்ட பகுதிகளை மட்டும். இருட்டைக் குறைத்தால் படத்தில் ஒளிக்க ஒன்றுமில்லாத ஒரு திறந்த தன்மை வரும், கூட்டினால் இரகசியமும் பாரமும் வரும். ஆனால் ஓர் எல்லை உண்டு. சாதாரண ஜேபெக் (JPEG) படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். வெள்ளை 255ஐத் தொட்டு வெளிறிவிட்டால் அங்கே ஒரு தகவலும் இல்லை. எவ்வளவு இழுத்தாலும் சாம்பல் நிறம் வருமே தவிர மேகம் வராது. கொழும்பு நண்பகல் வானத்தில் இது அடிக்கடி நடக்கும். அதனால் எடுக்கும்போதே கொஞ்சம் இருட்டாக எடுத்துப் பிறகு ஏற்றுவது நல்லது. இருண்ட பகுதியை மிகவும் ஏற்றினால் மணல்போல் புள்ளி வரும், ஆனாலும் அதைச் சமாளிக்கலாம்.

பிறகு இடம் பார்த்து வெளிச்சம். ஸ்நாப்சீட்டில் "செலெக்டிவ்" என்ற கருவி உண்டு, தொட்ட இடத்தை மட்டும் மாற்றும். பிலிமை இருட்டறையில் கழுவி அச்சிட்ட காலத்தில், அச்சிடும் தாளின் மேல் கையாலும் அட்டையாலும் ஒளியை மறைத்தும் கூடவிட்டும் செய்த அதே வேலைதான் இது. நான் வெள்ளைக் கதிரையைக் கொஞ்சம் மங்கச் செய்தேன், முகத்தைக் கொஞ்சம் தூக்கினேன், ஒழுங்கையில் விழுந்த வெயிலை இன்னும் கொஞ்சம். ஒவ்வொன்றும் சிறிய அளவு. முகத்தைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது, சாமிப் படமாகிவிடும்.

போலி அந்தி பற்றியும் சொல்லவேண்டும். பலருக்கு எல்லாப் படத்தையும் மாலை வெயிலாக்க ஆசை. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 பாகை வடக்கே. சூரியன் இங்கே செங்குத்தாகத்தான் இறங்கும், அந்தப் பொன்னிற வெளிச்சம் நீண்ட நேரம் நிற்காது. வருடம் முழுவதும் சூரியன் மறைவது மாலை ஆறு மணியை ஒட்டித்தான். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அப்படி எடுத்த படத்துக்குப் பொன்னிறம் பூசினால் என்ன ஆகும்? நிறம் மாலை என்கிறது, காலடி நிழலும் கண்குழியில் விழும் கறுப்பும் மதியம் என்கின்றன. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ பொய் என்று தோன்றும். மதியப் படத்தை மதியமாகவே விடுங்கள். அந்த வெக்கைக்கும் ஒரு மனநிலை உண்டு.

நிறம், அதாவது என் குற்றம்

ஒளிக்கும் வெப்பநிலை சொல்வார்கள், கெல்வின் அலகில். மெழுகுதிரிச் சுடர் 1900 அளவில், பழைய மஞ்சள் குண்டு பல்ப் 2700 அளவில், நடுப்பகல் வெயில் 5500 அளவில், நிழல் 7000க்கு மேல். எண் கூடக்கூட ஒளி நீலமாகும். ஆனால் கெல்வின் காட்டும் செயலிகளில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும்! புதியவர்கள் இதில் குழம்புவார்கள். காரணம் இதுதான்: நீங்கள் செயலிக்குச் சொல்வது "அன்றைய ஒளி இவ்வளவு நீலமாக இருந்தது" என்று. அது உடனே மஞ்சளைச் சேர்த்து ஈடுகட்டும்.

எங்கள் பல்கனி காலையில் நிழல். மூலப்படமே சற்று நீலம். அதன் மேல் நான் ஏன் இன்னும் நீலத்தை ஊற்றினேன் என்று பிறகுதான் பிடிபட்டது. போனில் இரவுக்கான கண் பாதுகாப்பு வசதி ஓடிக்கொண்டிருந்தது. அது திரையை மஞ்சளாக்கும். மஞ்சள் திரையில் சரியாகத் தெரியும்வரை நான் நீலத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். ஆகவே திருத்தும்போது அந்த வசதியை நிறுத்துங்கள், திரை வெளிச்சத்தைப் பாதியளவில் வையுங்கள், முடிந்தால் பகலில் யன்னலோரம் இருந்து செய்யுங்கள்.

நீலம் என்றால் சோகம், மஞ்சள் என்றால் மகிழ்ச்சி என்று எல்லா வழிகாட்டிகளும் எழுதி வைத்திருக்கின்றன. குளிர்நாட்டுக்காரருக்கு அது சரியாக இருக்கலாம். மார்ச் மாதம் புறக்கோட்டையில் நின்று வியர்த்தவருக்கு மஞ்சள் என்றால் எரிச்சல். மே மாதம் தென்மேற்குப் பருவமழையின் முதல் இருட்டு மரைன் டிரைவில் இறங்கும்போது அந்தச் சாம்பல் நீலம் நிம்மதி. நிறத்துக்குத் தனியாக ஓர் அர்த்தம் கிடையாது. நீலம், இருட்டு, தனி ஆள், அடைத்த வெட்டு ஆகிய நான்கும் சேர்ந்ததால்தான் மாமா பயந்தார். அதே நீலத்தில் இரண்டு பிள்ளைகள் மழையில் ஓடினால் அவர் சிரித்திருப்பார்.

விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவற்றைச் "சரி" செய்யவேண்டாம். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி ஏற்றும் கை, ஆடிவேல் இரவில் தேரின் வெளிச்சம் விழுந்த முகங்கள். போன் தானாகவே அந்த மஞ்சளைக் கழுவி வெள்ளையாக்கப் பார்க்கும், நீங்கள் அதைத் திரும்பக் கொடுங்கள். ரியூப் லைட்டில் எடுத்தவை இதற்கு மறுதலை. தோலில் ஒரு பச்சை படியும், "ரின்ட்" ஸ்லைடரை ஊதாப் பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போகும். ஆனால் இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாங்கில் காத்திருந்த அப்பாவின் படமென்றால் அந்தப் பச்சையை விட்டுவிடுவேன். அந்த இரவின் நிறம் அதுதான்.

"சச்சுரேஷன்" எல்லா நிறத்தையும் ஒரேயடியாக ஏற்றும், முகம் தக்காளியாகும். "வைப்ரன்ஸ்" இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அது மங்கிய நிறங்களை மட்டும் அதிகம் தூக்கும், தோலை ஓரளவு காப்பாற்றும்.

தோல்

இதில் எனக்குச் சமாதானம் கிடையாது. முகத்தை வெள்ளையாக்கவேண்டாம். கலியாண அல்பங்களில் மாப்பிள்ளையின் முகம் ஒரு நிறம், மாலை பிடித்த கை வேறு நிறம். எத்தனை வீட்டில் பார்த்தாயிற்று. முகம் இருட்டாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் ஒளிக் குறைவு, நிறக் குறையல்ல. ஒளியைத் தூக்கும்போது கழுத்தையும் கையையும் சேர்த்துத் தூக்குங்கள். சோதனை எளிது: முகத்தின் பக்கத்தில் அதே ஆளின் புறங்கையைப் பாருங்கள், இரண்டும் ஒரே உடம்பாக இருக்கவேண்டும். போன் கமராவில் முகத்தை மெழுகும் அழகு வசதி பலவேளை ஏற்கனவே போட்டிருக்கும், எடுக்க முன்பே நிறுத்துங்கள். பிறகு சுருக்கம் திரும்பி வராது. மென்மை வேண்டுமென்றால் ஒளியில் தேடுங்கள். வயதின் கடைசியில், 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்த பிரித்தானியப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரனின் படங்களில் குவியம் மங்கியிருக்கும், ஆனால் வயது அழிந்திருக்காது.

கறுப்பு வெள்ளையும் பழைய படங்களும்

நிறம் வசனத்துக்கு இடைஞ்சலாக இருந்தால் கறுப்பு வெள்ளை. ஆனால் சச்சுரேஷனைப் பூச்சியத்துக்கு இழுப்பது சோம்பேறி வழி. சிவப்புச் சேலையும் பச்சை வாழையிலையும் ஒரே சாம்பலாகிவிடும். நிற வடிகட்டியைத் தெரிவுசெய்யும் வசதி உள்ள கறுப்பு வெள்ளைக் கருவியைப் பாவியுங்கள். புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை எடுத்துப் பழகினால் உடனே விளங்கும். 1909இல் முடிந்த அந்தக் கட்டடத்தின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள், சிவப்பு வடிகட்டி போட்டால் கிட்டத்தட்டக் கரைந்து கட்டடம் வெளிறும். பச்சை வடிகட்டி போட்டால் பட்டைகள் கரியால் கீறியதுபோல் எழும்பி நிற்கும்.

இந்த விளையாட்டு எங்கள் ஊருக்குப் புதிதல்ல. 1900இல் பிறந்து 1944இல் இறந்த கொழும்புக்காரர், புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட் இருட்டறையிலேயே படத்தின் ஒளியைத் தலைகீழாக்கியிருக்கிறார், ஒன்றுக்கு மேற்பட்ட படங்களைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார். அவர் பெயரிலான அரங்கில் நாடகம் பார்த்தவர்கள் பலர், அவருடைய படங்களைப் பார்த்தவர்கள் குறைவு. தேடிப் பாருங்கள்.

பழைய குடும்பப் படங்களில் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். 1983 இனக்கலவரத்திலும் அதற்குப் பிறகு வந்த இடப்பெயர்வுகளிலும் அல்பம் அல்பமாக இழந்த குடும்பங்கள் எங்களுடையவை. பலரிடம் மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு படம்தான், அதிலும் தண்ணீர்க் கறை, மடிப்பு. அதை ஸ்கான் செய்து எடுத்தவுடன் கறையை அழிக்கக் கை போகும். இரண்டு பிரதி செய்யுங்கள். ஒன்று சுத்தமாக்கியது, சுவரில் மாட்ட. மற்றது கறையோடு. அந்த மடிப்பு யாரோ ஒருவர் சேலைத் தலைப்புக்குள் அதை மடித்து வைத்துக்கொண்டு ஓடியதன் தடமாக இருக்கலாம். தானாக நிறம் பூசும் செயலிகளிலும் கவனம். அவை ஊகிக்கின்றன, அறிவதில்லை. அம்மம்மாவின் கலியாணப் படத்தைக் கொடுத்தேன், சேலைக்கு ஆகாய நீலம் பூசித் தந்தது. காட்டியதும் அவ சொன்னா: "அது அரக்கு, பிள்ளை. எனக்கு ஏன் எப்ப பார்த்தாலும் நீலம் பூசுறாய்?"

அழிப்பது, பக்கத்தில் வைப்பது

மின்கம்பி, குப்பைக் கூடை, யாரோ தெரியாதவரின் முழங்கை: அழிக்கலாம். குடும்பத்து ஆளை அழிக்கவேண்டாம். ஒரு படத்தில் ஸ்டாலினோடு கால்வாய்க் கரையில் நின்ற, சோவியத் இரகசியப் பொலிஸ் தலைவராக இருந்த நிக்கொலாய் யெசோவ் 1940இல் கொல்லப்பட்ட பிறகு அந்தப் படத்திலிருந்தும் போனார், அவர் நின்ற இடத்தில் தண்ணீர் மட்டும். பிரிந்துபோன மருமகனை அல்பத்திலிருந்து அழிப்பதும் கிட்டத்தட்ட அதே வேலை. அவர் வேண்டாமென்றால் வேறு படத்தைத் தெரிவுசெய்யுங்கள். செய்தி என்று எங்காவது கொடுக்கும் படத்தில் ஒன்றையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

படத்தையே தொடாமல் அர்த்தத்தை மாற்றவும் முடியும், பக்கத்தில் என்ன வைக்கிறீர்கள் என்பதால். ரஷ்யத் திரைப்பட இயக்குநர் லெவ் குலெஷோவ் நூறு வருடத்துக்கு முன் ஒரே முகத்தை ஒரு கோப்பை சூப்புக்குப் பிறகும், ஒரு சவப்பெட்டிக்குப் பிறகும் காட்டினார். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். அம்மம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வெறும் ஒழுங்கையை வைத்துப் பாருங்கள், பிறகு ஒரு மாலு பாணை வைத்துப் பாருங்கள்.

வெளியே அனுப்ப முன்

ஒரு இரவு விடுங்கள். காலையில் முதற் பார்வையில் படத்தை விடத் திருத்தம் முந்திக்கொண்டு தெரிந்தால் எல்லா ஸ்லைடரையும் பாதிக்குக் குறையுங்கள். பெரும்பாலும் அந்தப் பாதிதான் சரியான அளவு. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும், முழுத் தரம் வேண்டுமென்றால் "டொகியுமென்ட்" ஆக அனுப்புங்கள். அச்சிடுவதென்றால் தாள் திரையைப் போல் ஒளிராது என்பதால் படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கி, முதலில் ஒரே ஒரு சின்னப் பிரதி எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது படத்தைக் குழுவில் போட்டபோது மாமா கேட்டது ஒரே கேள்வி: "பாண்காரன் வந்தானோ?" அந்த உற்சாகத்தில் ஸ்டூடியோவில் 6க்கு 8 அங்குலத்தில் அச்சடித்து அம்மம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தா. ஒழுங்கை, கிரில், தன் கை எல்லாவற்றிலும் விரல் போனது. பிறகு மேல் ஓரத்தில் நின்றது.

"இதிலை கடல் எங்கை, பிள்ளை?"

"அது சும்மா வெள்ளையாய்த் தெரிஞ்சது அம்மம்மா, வெட்டிப்போட்டன்."

"நான் அங்கையும்தானே பாக்கிறனான்."

மூலம் கோப்புறையைத் திறந்தேன். இந்த முறை மேலே வெட்டவில்லை, கடலின் ஹைலைட்ஸை மட்டும் இறக்கினேன்.